ஆறு மணிக்குள் பதினெட்டரை கிலோமீட்டர்: கரிசல் காட்டுக்கு எந்த டயர்?

ஒரே வாரத்தில் மூன்று பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் சங்கரன்கோவிலில் இருந்து குருவிகுளம் பக்கம் சைக்கிளில் போகப் போகிறார்களாம். பாதி தார் ரோடு, பாதி கரிசல் வண்டிப்பாதை. ரேஸ் சைக்கிளின் மெல்லிய டயர் போடுவதா, காட்டுக்குப் போடும், கட்டி கட்டியாக ரப்பர் துருத்தும் பட்டன் டயர் போடுவதா? ஒருவர் டயரின் படமும் விலையும் அனுப்பியிருந்தார். விலையைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. பதில் இரண்டே வரிதான். ஆனால் அந்த இரண்டு வரியைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று, கையிலிருந்த வேலையும் போகப் பார்த்தது. அதனால் முழுக்கதையையும் சொல்கிறேன். அவசரக்காரர்கள் கடைசிக்குப் போய்ப் படித்துக்கொள்ளுங்கள், நானும் அவசரக்காரிதான்.

1983, புரட்டாசி. ஆசிரியப் பயிற்சி முடித்து இரண்டு வருடமாகச் சங்கரன்கோவில் வீட்டில் சும்மா கிடந்தேன். சும்மா என்றால் உட்கார்ந்து அல்ல. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடையாய் நடப்பேன். தாலுகா ஆபீசில் வேலை பார்த்த அப்பா, "குட்டி போட்ட பூனை மாதிரி ஏட்டி சுத்துத? ஒரு எடத்துல உக்காரு" என்பார். உட்கார்ந்தால் எனக்குக் கால் ஆடும். அப்படி இருக்கும்போதுதான் மிஷன் தொடக்கப் பள்ளி ஒன்றில் இருந்து வேலைக்கு வரச்சொல்லி ஓலை வந்தது. குருவிகுளம் ரோட்டில் பதினான்கு கிலோமீட்டர் போய், வடக்கே பிரியும் வண்டிப்பாதையில் நாலரை கிலோமீட்டர் உள்ளே போனால் அந்த ஊர். மொத்தம் பதினெட்டரை.

சிக்கல் பஸ். பள்ளிக்கூடம் விடுவது நாலே காலுக்கு. வண்டிப்பாதை பிரியும் அந்த விலக்கில் இருந்து சங்கரன்கோவிலுக்குத் திரும்பும் பஸ் ஒன்று நாலு மணிக்கே போய்விடும், அடுத்தது ராத்திரி ஏழரைக்கு. அந்த ஊரில் தனியாகத் தங்குவது என்ற பேச்சையே அப்பா எடுக்கவிடவில்லை. நான் சைக்கிளில் போய் வருகிறேன் என்றேன். வீடு ரெண்டு பட்டது. மூன்று நாள் நான் சாப்பிடாமல் முறுக்கிக்கொண்டு இருந்தபிறகு, ஜெபம் முடிந்த கையோடு அப்பா ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"ஒரு மாசம் பாப்பேன். சாயங்காலம் ஆறு மணிக்கு நீ வாசல்ல நிக்கணும். ஒருநாள் பிந்துனாலும் சரி, மறுநாள் காலைல ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வீட்டுல இரு. பெறகு அழக்கூடாது, கேட்டியா?"

"சரிப்பா" என்றேன். எனக்கென்ன தெரியும்? நாலே காலில் இருந்து ஆறு வரை ஒன்றே முக்கால் மணி நேரம் இருக்கிறதே என்று நினைத்தேன். அந்தத் திமிருக்குத்தான் இந்தக் கதை.

மாற்றலாகிப் போன ஒரு நர்ஸம்மாவிடம் இருந்து பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்று கிடைத்தது. சட்டம் நன்றாக இருந்தது, சக்கரம்தான் மோசம். பின் ரிம் துருப்பிடித்து, எத்தனை தடவை கோட்டம் எடுத்தாலும் மறுநாளே நெளிந்து நின்றது. இரண்டு டயரும் பட்டன் எல்லாம் தேய்ந்து வழுவழுவென்று வழுக்கைத் தலையாகக் கிடந்தன. என் அண்ணன் சாம் கோயில் கொடைத் திருவிழாக்களில் சைக்கிள் ரேஸ் ஓடுகிறவன். ஜெயித்த எவர்சில்வர் குடங்களை அம்மா அடுக்கி வைத்திருந்தாள். சக்கர விஷயத்தில் தன்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு அவனுக்கு. அவனையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை திருநெல்வேலிக்குக் கிளம்பினேன்.

பஸ் காலை 7.10க்கு. ஐம்பத்தாறு கிலோமீட்டர், ஆளுக்கு ஐந்து ரூபாய் நாற்பது பைசா, ஒன்றே முக்கால் மணி நேரம். வழி நெடுக அண்ணன் பேசிக்கொண்டே வந்தான்.

"ஏட்டி, சைக்கிளுக்கு உசிரே சக்கரந்தாம். மத்த எடத்துல ரெண்டு கிலோ கொறைக்கதும் சக்கரத்துல அரைக் கிலோ கொறைக்கதும் ஒண்ணு. மெல்லிசு டயரு போட்டு, காத்தக் கல்லு மாதிரி அடிச்சு, பின்னால பதினாறு பல்லு ப்ரீவீல மாட்டுனா, நீ அஞ்சு மணிக்கு வீட்டுல காப்பி குடிப்ப."

"மேக்க இருந்து மேகாத்து அடிக்குமே அண்ணே? திரும்பி வரும்போது எதிர்காத்துலா?"

"மிதிட்டி. மிதிக்கதுக்குத்தான கால் இருக்கு?"

ஜங்ஷனில் இறங்கி, சைக்கிள் சாமான் கடைகள் இருந்த சந்துக்குள் நுழைந்தோம். வாசலில் டயர்கள் மாலை மாலையாகத் தொங்கின. அண்ணன் நேராகப் போய் 27க்கு 1¼ அங்குல மெல்லிய டயரைத் தடவிப் பார்த்தான். நமது ஊர்ச் சைக்கிளில் இருப்பது 28க்கு 1½. மெல்லியதைப் போட வேண்டுமானால் அதற்கென்று தனி ரிம் வேண்டும். அந்த ரிம்மைக் கம்பி பிரேக் கவ்வாது, ஒயர் பிரேக் வாங்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் ஒன்பது செலவு. இது இன்றைக்கும் மாறவில்லை, உங்கள் புது சைக்கிள்களிலும் அதே தொல்லைதான் என்று கேள்விப்படுகிறேன்.

கடைக்கார அண்ணாச்சி எங்கள் சண்டையை ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "தங்கச்சி, ஓட்டப் போறது ரோட்டுலயா, காட்டுலயா?" என்றார்.

"ரெண்டுலயும் அண்ணாச்சி."

"அப்போ ரெண்டு சைக்கிள் வாங்குங்க. ரெண்டுக்கும் ஒரே டயருன்னா எங்கயாவது ஒரு எடத்துல அழணும். எங்கன அழுறதுன்னு மட்டும் நீங்க முடிவு பண்ணுங்க."

நான் தார் ரோட்டில் அழுவதென்று முடிவு பண்ணினேன். மூட்டை ஏற்றுகிறவர்கள் போடும் கட்டை டயர், கனத்த பட்டன் வைத்தது, ஒன்று 42 ரூபாய் வீதம் இரண்டு. டியூப் இரண்டு 28. பின் சக்கரத்துக்கு கம்பி கோர்க்க நாற்பது ஓட்டை உள்ள ரிம் 38. பின் சக்கரத்தில் செயின் ஓடும் ப்ரீவீல் இருபது பல், 22 ரூபாய். பல் கூடக் கூட மிதிப்பது லேசாக இருக்கும், ஆனால் வேகம் குறையும். எதிர்காற்றில் கால் நின்றுபோவதை விட மெதுவாகப் போவது மேல் என்பது என் கணக்கு. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். தனக்கு ஒரு ஜோடி மெல்லிய டயரும் ரிம்மும் ஒயர் பிரேக்கும் வாங்கிக்கொண்டான். திரும்பும்போது டயர்களைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். "என்ன அண்ணாச்சி, பஸ்ஸுக்கு ஸ்டெப்னியா?" என்று கண்டக்டர் கேட்டுவிட்டு, லக்கேஜுக்குக் காசு வாங்காமல் போனார்.

அடுத்த சனிக்கிழமை ஒத்திகை. என் கட்டை டயருக்கும் அண்ணனின் மெல்லிய டயருக்கும் பந்தயம். காலை ஆறரைக்கு வீட்டில் இருந்து கிளம்பினோம். அண்ணன் மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் கழற்றி, ஹேண்டில் பாரைத் தலைகீழாக மாட்டி வைத்திருந்தான். ஊர் எல்லை தாண்டுவதற்குள் அவன் ஒரு புள்ளியாகிவிட்டான். என் டயரோ தாரில் உர்ர்ர் என்று உறுமிக்கொண்டு என்னைப் பின்னால் இழுத்தது. நேர் ரோட்டில் இவ்வளவு பாடா என்று எனக்கே கோபம் வந்தது. பதினான்கு கிலோமீட்டருக்கு அறுபத்தியிரண்டு நிமிடம் ஆயிற்று. விலக்கில் ஒரு டீக்கடை உண்டு. அங்கே அண்ணன் டீ குடித்து முடித்து, பேப்பரும் படித்து முடித்திருந்தான்.

வண்டிப்பாதையில் இறங்கியதும் கதை மாறிற்று. புரட்டாசிக் கரிசல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும். கை நுழைகிற வெடிப்பு. அரைக் கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம், அண்ணனின் முன் சக்கரம் ஒரு வெடிப்புக்குள் போய் உட்கார்ந்தது. அவன் ஹேண்டில் பாரைத் தாண்டி முன்னால் போய் விழுந்தான். புது ரிம் அப்பளமாக நெளிந்துவிட்டது. நான் நிறுத்தவில்லை! பக்கத்தில் போகும்போது, "மிதிண்ணே, மிதிக்கதுக்குத்தான கால் இருக்கு?" என்று சொல்லிவிட்டுப் போனேன். என் கட்டை டயர் வெடிப்பை எல்லாம் ஏறி மிதித்தது. கருவேல முள்ளையும் சட்டை செய்யவில்லை. பள்ளிக்கூட வாசலில் போய் நின்றபோது, இந்த உலகத்தில் டயர் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். காலை ஏழே காலுக்குக் கிளம்பினால் எட்டே முக்காலுக்குப் பள்ளிக்கூடம். சாயங்காலம் நாலு இருபதுக்குப் புறப்பாடு. முதல் நாள் 5.52க்கு வாசலில் நின்றேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைப் பிடித்திருந்தார், ஆனால் கண் கடிகாரத்தில் இருந்தது. இரண்டாம் வாரம் காற்றே இல்லாத ஒரு நாளில் 5.41. செயின் கழன்ற ஒரு நாளில் 5.58. அந்த இரண்டு நிமிடத்தை நினைத்து ராத்திரியெல்லாம் தூக்கம் வரவில்லை. வகுப்பில் பாடம் நடத்தும்போதே மூன்றரை ஆனால் என் கால் ஆடத் தொடங்கிவிடும். வெயில் முகத்தில், மேல்காற்று நெஞ்சில், இருபது பல் ப்ரீவீல் மட்டும்தான் எனக்குத் துணை. அது இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே ராஜினாமா எழுதியிருப்பேன்.

ஆனாலும் அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. முப்பத்தியோரு பிள்ளைகள். முந்தி வந்த டீச்சர் மூன்று மாதத்தில் போய்விட்டதால் மூன்றாம் வகுப்புக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை. இரண்டு வருடம் வீட்டுக்குள் சுற்றிய கால் இப்போது தினம் முப்பத்தேழு கிலோமீட்டர் சுற்றியது. மறுபடி அந்த வீட்டுக்குள் அடைவதை நினைத்தாலே மூச்சு முட்டியது.

மாதம் முடிய இன்னும் இரண்டே நாள். ஐப்பசி பிறந்து மழை இரண்டு தடவை ராத்திரியில் லேசாகத் தூறிக் காய்ந்திருந்தது. அன்று காலை பாதை நன்றாகத்தான் இருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்குக் கிழக்கே கருத்தது. இரண்டு பத்துக்குப் பிடித்த மழை நாற்பது நிமிடம் கொட்டித் தீர்த்தது. தலைமையாசிரியர் இரக்கப்பட்டு மூன்று நாற்பதுக்கே என்னை விட்டுவிட்டார். "இங்கனயே எங்க வீட்டுல தங்கிட்டுக் காலைல போங்களேன் டீச்சர்" என்றார். நான் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

கரிசல் ஈரத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. டவுனில் வளர்ந்தவளுக்கு எங்கே தெரியும்? முதல் இருபது அடி போனது. பிறகு டயர் பெருத்தது. பட்டனுக்குப் பட்டன் மண் அப்பிக்கொண்டு, அந்த மண்ணின்மேல் மண் அப்பி, மட்கார்டுக்குள் நிறைந்து, சேலை சிக்காமல் இருக்கப் பின் சக்கரத்தில் கட்டியிருந்த வலைக்குள் நிறைந்து, செயின் கவருக்குள்ளும் நிறைந்து, சக்கரம் நின்றேவிட்டது. இறங்கித் தள்ளினால் சக்கரம் சுற்றாமல் இழுபட்டு வந்தது. ஓரத்தில் கிடந்த தேங்காய்ச் சிரட்டையால் வழித்துவிட்டு நாலு அடி தள்ளினால் மறுபடி அதே கதை. எதற்காக நாற்பத்தியிரண்டு ரூபாய் கொடுத்தேனோ அந்தப் பட்டன்தான் மண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டது. காய்ந்த தரையில் பார்த்துவிட்டு ஈரத் தரைக்கும் டயர் வாங்கிய புத்திசாலி நான்! ஊர் மந்தையைத் தாண்டுவதற்குள் மணி நாலு. பாதை நடுவில் நின்று சத்தம் போட்டு அழுதேன்.

என் வகுப்பில் படித்த ஒரு பிள்ளையின் தாய் பொன்னுத்தாய், காட்டு வேலைக்குப் போகிறவள், மழைக்கு வேலை நின்றதால் வீட்டில் இருந்தாள். என் அழுகை கேட்டு வந்தாள்.

"ஏன் டீச்சரம்மா, மழை நாள்ல சைக்கிள யாராச்சும் உள்ள கொண்டாருவாகளா? நாங்கல்லாம் ரோட்டுல டீக்கடைலயே போட்டுட்டு, செருப்பக் கைல புடிச்சிட்டு நடந்துதான வருவோம்?"

"எனக்கு யாரும் சொல்லலையே!"

"நீங்க கேட்டாத்தான சொல்லுவோம்? சரி, இங்கனயே போட்டுட்டு நடங்க."

"நடந்து ரோட்டுக்குப் போனா ஏழரைக்குத்தான் பஸ்ஸு. ஆறு மணிக்கு நான் வீட்டுல நிக்கணும் பொன்னுத்தாயி. இல்லைன்னா நாளைல இருந்து வர முடியாது."

அவள், "வர முடியாதுன்னா? ஒரேயடியாவா?" என்றாள். நான் தலையசைத்தேன். "போன டீச்சரும் இப்படித்தாம் போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வரும்போது கூரைக்கு வாங்கி வைத்திருந்த மூங்கிலும் கயிறும் கையில் இருந்தன. சைக்கிளை ஹேண்டில் பாரிலும் சீட்டுக்கடியிலும் கட்டி, மூங்கிலில் தொங்கவிட்டு, முன்னால் அவள், பின்னால் நான். நோயாளியைத் தூக்கிக்கொண்டு போவதாக நினைத்து எதிரே வந்த கிழவர் ஒருவர் ஒதுங்கி நின்றார். "சைக்கிளுக்குக் காய்ச்சலு, ஆசுபத்திரிக்குப் போகுது" என்றாள் பொன்னுத்தாய். அந்த அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நாலரை கிலோமீட்டர். காலை எடுத்து வைத்தால் கணுக்கால் வரை மண், ஒவ்வொரு பாதமும் ஒரு படி அரிசி கனம். தோள் மாற்றி மாற்றி நடந்தோம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஐந்து மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வந்திருப்போம். ரோட்டை அடைந்ததும் ஏறி மிதித்தால்கூட ஒரு மணி நேரம் வேண்டும். முடியாது என்று எனக்கே தெரிந்துவிட்டது. தெரிந்தும் நிற்க முடியவில்லை. "மெதுவா டீச்சர், என்னத் தள்ளாதீக" என்று பொன்னுத்தாய் நாலு தடவை சொல்லிவிட்டாள்.

ரோட்டுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது பொன்னுத்தாய் நின்றாள். "அங்கன யாரோ மாட்டிக்கிட்டு நிக்காக. தபால்காரரா?"

தபால்காரர் இல்லை. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, குடையைக் கக்கத்தில் இடுக்கி, ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றுகொண்டிருந்தவர் என் அப்பா. பக்கத்தில் அவருடைய சைக்கிள் ஸ்டாண்டு போடாமலே மண்ணில் நட்டமாக நின்றது. வாரம் தவறாமல் எண்ணெய் போட்டுத் துடைக்கும் சைக்கிள். முழு மட்கார்டு, அடியில் ரப்பர் தொங்கல், முழு செயின் கவர், டைனமோ. எதையுமே கண்ணால் பார்க்க முடியவில்லை, எல்லாம் கரிசல்.

கடிகாரத்தில் ஐந்து முப்பத்தைந்து.

"அப்பா, நான் மூணு நாப்பதுக்கே கெளம்பிட்டேம்ப்பா. மண்ணு விடல. இன்னும் இருபத்தஞ்சு நிமிசம் இருக்கு, ரோட்டுக்குப் போயி மிதிச்சேன்னா..."

"மணியப் பத்திப் பேசாத. மொதல்ல இந்தச் சவத்த வெளிய எடு" என்றார் அப்பா.

அப்பா வாயில் இருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. வீட்டில் சனியன் என்று சொன்னாலே வாயில் அடிப்பார். மூன்று பேருமாக இழுத்து அவர் சைக்கிளைப் பிடுங்கினோம். சிரட்டையால் வழித்தோம். பொன்னுத்தாய் அதையும் மூங்கிலில் கட்டினாள். இரண்டு சைக்கிளை இரண்டு பேர் தூக்க முடியாது என்று நான் சொன்னபோது, அப்பா குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, இருந்த ஒற்றைச் செருப்பையும் கழற்றி எறிந்துவிட்டு, முன்பக்க முனையைத் தோளில் வாங்கிக்கொண்டார். பொன்னுத்தாய் நடுவில், நான் பின்னால்.

கொஞ்ச தூரம் போனதும், மூச்சு வாங்க, திரும்பிப் பார்க்காமலே அப்பா பேசினார்.

"மூணு மணிக்குக் கிழக்க இடி இடிச்சிது. ஆபீசுல இருப்பு கொள்ளல. ஆறு மணிக்குள்ள வந்துரணும்னு நீ விழுந்தடிச்சு வருவ, எங்கயாவது ஓடைல கீடைல வண்டியோட கெடப்பியோன்னு பயமா இருந்துச்சு. பெர்மிசன் போட்டுட்டு வந்தேன். நான் சொன்ன சொல்லே என்ன இங்கன இழுத்துட்டு வந்துட்டுட்டி."

அழுதால் அவருக்குக் கேட்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். தார் ரோட்டில் ஏறும்போது ஆறு பத்து. டீக்கடைத் தொட்டித் தண்ணீரில் இரண்டு சைக்கிளையும் கழுவினோம். பொன்னுத்தாய்க்கு அப்பாவே டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார். அவள் டீயைக் குடித்துவிட்டு, "ஐயா, டீச்சர நிப்பாட்டிறாதீக" என்று சொல்லிவிட்டு மூங்கிலைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். அப்பா குனிந்து டைனமோவைச் சக்கரத்தில் தட்டிவிட்டார். அவர் டைனமோ வெளிச்சத்தில் நான் பின்னால் மிதித்து வந்தேன். வீட்டு வாசலில் 7.50.

இனி நீங்கள் கேட்டதற்குப் பதில். காய்ந்த கரிசலுக்கு, அதாவது பங்குனி முதல் புரட்டாசி வரை, அகலமான பட்டன் டயர். மெல்லியதைப் போட்டால் வெடிப்புக்குள் ரிம்மைக் கொடுத்துவிட்டு வருவீர்கள். கருவேல முள்ளுக்கும் கட்டை டயர்தான் நல்லது. மழை தொடங்கியபிறகு பட்டன் டயரே வேண்டாம். நான் மறுவாரமே பழைய வழுக்கை டயரை மாட்டிக்கொண்டேன். வழுவழுப்பில் மண் நிற்காது, வழுக்கி விழும். மட்கார்டையும் வலையையும் கழற்றிவிட்டு, செயின் கவரைப் பாதியாக அறுத்துக்கொண்டேன். சேலையில் கிரீஸ் படும், பட்டால் படட்டும். உங்கள் சைக்கிளில் டயருக்கும் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற இடைவெளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் எந்த டயர் போட்டாலும் நிற்கும். பின்னால் பல் கூடிய ப்ரீவீல் ஒன்று கட்டாயம் வேண்டும், ஆனி முதல் புரட்டாசி வரை மேல்காற்றில் சாயங்காலம் ஊருக்குத் திரும்புவது மலையேறுகிற மாதிரிதான். ரேஸ் சக்கரத்தைத் தார் ரோட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், புளியங்குடிப் பக்கம் போனால் அதற்கு நல்ல ரோடு.

எல்லாவற்றையும் விட முக்கியமானது: மழை பெய்த அன்று எந்தச் சக்கரத்தையும் கரிசலுக்குள் இறக்காதீர்கள். விலக்கில் இருக்கிற கடையில் சொல்லிவிட்டு நடந்து போங்கள். வண்டி எடுக்கும் முன்னால் அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கேளுங்கள். நான் டயர் வாங்கத் திருநெல்வேலி வரை போய்வந்தேன், அந்தப் பாதையில் தினம் நடக்கிற ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரமாக வருகிறது.

மறுநாள் காலை. சொன்ன சொல் சொல்தானே என்று நான் ஏழு மணிக்கே வெள்ளைத்தாளும் பேனாவுமாக மேஜையில் உட்கார்ந்துவிட்டேன். 'பெறுநர், தலைமையாசிரியர்' என்று எழுதிவிட்டு, அடுத்த வரி ஓடாமல் காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். அப்பா குளித்துவிட்டு வந்தவர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், சுவரில் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏழே காலாவப் போகுது, இன்னும் என்னட்டி உக்காந்திருக்க? சைக்கிள டீக்கடைல போட்டுட்டு நடந்து போ. மண்ணு காயுதவரைக்கும் நடந்தே வா" என்றார். நான் எழுந்திருக்காமல் தாளை அவர் பக்கம் தள்ளினேன்.

"ராத்திரி ஏழாவட்டும், எட்டாவட்டும். வந்து சேந்தாப் போதும்."